டப்பா வந்த பிறகு

என் காதை லேத் பட்டறை தின்றது. கண்ணைக் கண் அழுத்த நோய் தின்றது. இரண்டும் போன பிறகு என் மனைவி ஆள்காட்டி விரலால் என் உள்ளங்கையில் எழுதிப் பேசுவாள். தெரு வம்பெல்லாம் அப்படித்தான் என்னிடம் வந்து சேரும். சிரிப்பு வந்தால் அவள் விரல் நடுங்கி எழுத்து கோணும். கோபம் வந்தால் நகம் பதியும். எழுத்தைப் படிக்குமுன்பே எனக்கு விஷயம் பாதி தெரிந்துவிடும்.

அப்புறம் மகன் டப்பா ஒன்று வாங்கி வந்தான். அவர்கள் செல்போனில் அடித்தால் அதில் பிரெயில் புள்ளிகள் எழும்பும். நான் தடவிப் படிப்பேன். அதைக் கற்றுக்கொள்வதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். பட்டறைக் கூட்டாளியோடு பழைய சண்டையைக்கூட அதில் தொடர்ந்தேன்.

ஆனால் வீட்டில் என் பக்கம் யாரும் வருவதில்லை. மனைவி சமையலறையிலிருந்தே செல்போனில் அடிக்கிறாள்: "சாப்பிட வாங்க." எரிந்து விழுகிறாளா, கொஞ்சுகிறாளா, டப்பாவுக்குத் தெரியாது. எல்லாப் புள்ளியும் ஒரே உயரம்.

போன வாரம் ஒரு புளுகு விட்டேன்.

"புள்ளியெல்லாம் குழம்பி வருதுடா. ஒண்ணும் புரியல."

வீட்டில் பிரெயில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். யார் வந்து சரிபார்க்க முடியும்? மகன் டப்பாவை ரிப்பேர் கடையில் கொடுத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் அவள் வந்து என் கையைப் பிடித்தாள். வெங்காய வாசனை. புது மாப்பிள்ளை மாதிரி எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுதினாள். பிடிபடவில்லை.

"மறுபடி எழுது" என்றேன்.

எழுதினாள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அவளுக்கு அவசரமா, என் கைதான் மறந்துவிட்டதா, தெரியவில்லை. வாய்க்கு வந்ததை ஊகித்துச் சொன்னேன். இல்லை என்று கையில் தட்டினாள். இன்னொன்று சொன்னேன். கையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். என்ன சொல்ல வந்தாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் தோளில் ஒரு தட்டு என்றால் சாப்பாடு, இரண்டு தட்டு என்றால் மாத்திரை. வளர்ப்பு நாயிடம்கூட இதைவிட அதிகம் பேசுவார்கள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். யாராவது பார்த்தார்களா என்றுகூடத் தெரியாது.

இன்று டப்பா திரும்பி வந்தது. யாரோ அதை என் மடியில் வைத்தார்கள். கட்டில் ஒரு பக்கமாக அமுங்கியது. வெங்காய வாசனை. என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே அவள் செல்போனில் அடித்தாள், புள்ளிகள் எழும்பின.

"கடையில ஒரு ரிப்பேரும் இல்லைன்னுட்டாங்க. ஏங்க பொய் சொன்னீங்க?"

"நீ கையில எழுதுவேன்னுதான்."

விரலுக்கடியில் புள்ளிகள் மறுபடி எழும்பின.

"அன்னைக்கு எழுதினேனே. உங்களுக்குப் புரியலையே. என்னால முடியலைங்க. இதுதான் சுலபம்."

சுலபம் என்ற சொல்லை இரண்டு தடவை தடவிப் பார்த்தேன். அதில் அலுப்பு இருந்ததா, அழுகை இருந்ததா, கண்டுபிடிக்க முடியவில்லை. டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, உள்ளங்கையை விரித்து அவள் பக்கம் நீட்டினேன்.

அவள் டப்பாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். சார்ஜ் ஏற்றிய சூடு இன்னும் அதில் இருந்தது.