காத்து வரட்டும்

அம்சவள்ளிக்கு உலகத்தில் யார் மேலும் கோபமில்லை, காத்தின் மேல்தான் கோபம். மூன்று வயது மகள் ஜெயத்துக்கு ஐப்பசியிலிருந்து இழுப்பு. விளக்கு வைக்கிற நேரம் வந்தால் போதும், குழந்தையின் நெஞ்சு விசில் ஊதத் தொடங்கிவிடும். பார்த்தவர்கள் எல்லாரும் காத்து சேட்டை என்றே சொன்னார்கள். அந்தப் பக்கத்தில் மரத்தை அசைக்கிற காற்றுக்கும் காத்து என்றுதான் பெயர், ஆளைப் பிடிக்கிற பேய்க்கும் காத்து என்றுதான் பெயர். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், ஒருவன் செய்த குற்றத்துக்கு இன்னொருவன் உதை வாங்குவது நடக்கிற காரியம்தானே.

வீடு திண்டிவனத்தில், வேர்க்கடலை உடைக்கிற மல்லாட்டை மிஷினுக்குப் பின்னால். புருஷன் மாரியப்பன் விழுப்புரம் ரயில் ஷெட்டில் கரி அள்ளிக்கொண்டிருந்தான், வாரக் கடைசியில்தான் வருவான். மற்ற நாட்களில் அம்சவள்ளியும் குழந்தையும் மாரியப்பனின் அக்கா முனியம்மாளும்தான். முனியம்மாள் தாலியறுத்த கையோடு தம்பி வீட்டுக்கு வந்தவள், மிஷினில் கூலி வேலை பார்த்தாள். யுத்தத்தில் விறகு ஆனை விலை குதிரை விலை விற்றதால், அவள் கொண்டுவரும் மல்லாட்டைத் தோலில்தான் அடுப்பு எரிந்தது. எரிந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. புகைந்தது.

முனியம்மாளுக்குக் குழந்தை மேல் உயிர். அதனால்தான் காத்தை விரட்டுவதில் அவள் சளைக்கவேயில்லை. ஜன்னல் பொந்தில் கோணியைத் திணித்தாள். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கை மண் வைத்துப் பூசினாள். அந்தி சாய்ந்ததும் கதவைச் சாத்திவிட்டு, சட்டியில் நெருப்பெடுத்து வேப்பிலையும் நொச்சியும் காய்ந்த மிளகாயும் போட்டாள். உள்ளே பேய் இருந்திருந்தால் இருமியே செத்திருக்கும். குழந்தை இருமியது, அம்சவள்ளி இருமினாள்.

"பாத்தியா, போவ மாட்டேன்னு அடம் புடிக்குது" என்று முனியம்மாளும் இருமிக்கொண்டே இன்னொரு கைப்பிடி போட்டாள்.

மார்கழியில், மூச்சுக்கு மூச்சு குழந்தையின் விலா உள்ளே இழுத்துக்கொள்வதைப் பார்த்து அம்சவள்ளி பயந்து போனாள். நாத்தனாரிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் வயசில் சின்னவர். வெளியே கூட்டம் நெரிந்தது. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"வீட்டுல காத்து இருக்கா?"

அம்சவள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் வாயைத் திறக்காமலே மனுஷன் கண்டுபிடித்துவிட்டாரே.

"இருக்குதுங்க ஐயா" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "எல்லாத்தையும் சாத்திக்கினு, பொகை போட்டு வெரட்டிக்கினுதான் இருக்கோம்."

"காத்தை ஏம்மா வெரட்டுறே? கதவு ஜன்னல் எல்லாத்தையும் தெறந்து வை. நல்லா உள்ளே வரட்டும். அது வந்தாத்தான் புள்ளை பொழைக்கும்."

மிக்சர் மருந்து ஒரு புட்டி கொடுக்கச் சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வழியெல்லாம் அவளுக்கு அழுகை. பேயை வீட்டுக்குள் விடு என்கிறாரே படித்தவர். உள்ளே வந்தால் அது சும்மா போகுமா? வேறு யாரையாவது பிடித்துக்கொண்டுதானே குழந்தையை விடும்? அப்படி யோசித்தபோதுதான் விஷயம் விளங்கியது. யாரை என்று டாக்டர் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டியதும் இல்லை. பெற்றவள் ஒருத்தி இருக்கும்போது அது வேறு யாரைத் தேடிப் போகும்?

அன்று அந்தியில் முனியம்மாள் சட்டியை எடுத்தாள். அம்சவள்ளி அதைப் பிடுங்கி வெளியே கொட்டினாள். அடுப்பில் தண்ணீர் தெளித்தாள். கோணியை இழுத்துப் போட்டுவிட்டு, கதவை விரியத் திறந்தாள்.

"இன்னாடி காரியம் பண்றே?" என்றாள் முனியம்மாள்.

"டாக்டரு உள்ள வுடச் சொல்லிட்டாரு அண்ணி. கொயந்தைய வுட்டுட்டு என்னைப் புடிச்சிக்கட்டும்."

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். வாடைக்காத்து வந்து முகத்தில் அடித்தது. "வா" என்றாள். குழந்தையின் விசில் மெல்ல மெல்ல இறங்கியது. பிறகு தூங்கியே விட்டது. தன் உடம்பில் எங்கேயாவது எதுவாவது நுழைகிறதா என்று அம்சவள்ளி பார்த்துக்கொண்டே இருந்தாள். சந்தோஷம் தாங்கவில்லை, பயமும் தாங்கவில்லை. தன் கதை இனி அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

அதன் பிறகு தினமும் கதவு திறந்தே கிடந்தது. ஜெயம் தேறி வந்தாள். அம்சவள்ளிதான், காத்து தன்னை என்றைக்கு என்ன செய்யுமோ என்று, சோறு இறங்காமல் மெலிந்தாள். முனியம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு நாள் அந்தியில் அம்சவள்ளி குழந்தையோடு வாசலுக்கு வந்தபோது, முனியம்மாள் முன்னாலேயே படியில் உட்கார்ந்திருந்தாள். தலை முழுகியிருந்தாள். காத்துக்குப் பயந்து எந்தப் பொம்பளையும் அந்த நேரத்தில் செய்யாத காரியமாக, ஈரக் கூந்தலை முடியாமல் முதுகில் விரித்துப் போட்டிருந்தாள்.

"கொயந்தைய இப்டிக் குடு. நீ உள்ள போயி சோத்தைத் துன்னு" என்றாள். "கொயந்தைக்கு ஆத்தா வோணும். நான் ஒண்டிக்கட்டை, என்னைப் புடிச்சிக்கட்டும்."

மடியை விரித்து, தெருவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.