ஒருத்தர் வேண்டாம் என்றால் வேண்டாம்

மலேசியாவில், கிள்ளான் மாதா கோயில் திருவிழாவுக்கு யாரை எந்தக் குழுவில் போடுவது என்பது உர்சுலாவின் பொறுப்பு. பாதர் உட்பட வேறு யாரும் அந்த வேலைக்கு ஆசைப்பட்டதில்லை. ஆள் பிடிப்பது பெரிய கஷ்டமில்லை. மூன்று குழுவுக்கும் மூன்று விதமான ஓட்டு, அதுதான் தலைவலி. பாட்டும் நாடகமும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் மேடைக் குழுவில் பாதிப் பேருக்கு மேல் கை தூக்க வேண்டும். அங்கே ஒரு அரைத்தூக்கக்காரரைப் போட்டாலும் மற்றவர்கள் சமாளித்துவிடுவார்கள். கஷ்டப்படும் குடும்பங்களைப் பார்க்கும் உதவிக் குழுவில் யாராவது ஒருத்தர் 'சரி' என்றால் போதும், உதவி போய்விடும். அதனால் எதற்கெடுத்தாலும் கண் கலங்குகிறவர்களை உர்சுலா அந்தப் பக்கமே அண்டவிடமாட்டாள். சாப்பாட்டுக் குழு இதற்கு நேர்மாறு. ஐந்து பேரில் ஒருத்தர் 'வேண்டாம்' என்றால் அந்தப் பானை ஸ்டாலுக்குப் போகாது.

சாப்பாட்டுக் குழுவுக்கு யார் என்று அவள் யோசித்ததே கிடையாது. ஆள் வீட்டிலேயே இருந்தார். அவள் கணவர் அம்புரோஸ், மேருவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் ரிட்டையர் ஆகும்வரை தரம் பார்த்தவர். அவர் மூக்கை ஏமாற்றிய பானை இதுவரை இல்லை.

திருவிழாவுக்கு ரவாங், சுபாங் ஜெயா என்று எங்கெங்கோ இருந்தெல்லாம் வீட்டில் சமைத்துக் காரில் கொண்டுவருவார்கள். அம்புரோஸ் மூடியைத் திறப்பார், குனிந்து ஒரு மூச்சு இழுப்பார். மூடியை ஓரமாக வைத்தால் நல்லது. மறுபடி பானைமேலேயே வைத்துவிட்டால் அது வந்த காரிலேயே திரும்பிப் போக வேண்டியதுதான். மற்ற நாலு பேரும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அழகாக நிற்பார்கள். அவர் சரியென்ற பானையை இன்னொருத்தர் ருசி பார்த்தால் அது அவருக்கு மரியாதைக் குறைவு என்று எப்படியோ ஒரு வழக்கம் வந்துவிட்டது. நல்ல வழக்கம் போங்கள்.

இந்த வருஷம் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால், காலைப் பூசை முடிந்து வந்த உர்சுலாவுக்கு கேட்டைத் திறக்கும்போதே கருகல் வாடை அடித்தது. உள்ளே ஓடினாள். அடுப்பில் பால் சுண்டி, பாத்திரம் கறுத்துக் கிடந்தது. பக்கத்து நாற்காலியில் அம்புரோஸ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? வெளிய ரொம்ப வெயிலா?" என்றார்.

அவள் பாத்திரத்தை எடுத்து ஊறப்போட்டாள். மத்தியானம் ஒரு தட்டுக் கருவாட்டை அவர் முதுகுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பூனை வந்தது. மனுஷன் திரும்பவே இல்லை.

சொல்லாமல் விட்டால், கெட்ட பானை ஒன்று தப்பிப் போய் எத்தனை பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்குமோ. வெளியே சொன்னால், ஊரே மெச்சிய மூக்கு போய்விட்டது என்று ஊருக்கே தெரிந்துவிடும். பாவம், இந்த மனுஷனுக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான். அவரே தன்னிடம் சொல்லாமல் மறைக்கும்போது தான் எப்படிக் கேட்பது?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"இந்த வருஷம் உங்கள உதவிக் குழுவுல போடறேன்."

அம்புரோஸ் பேப்பரை இறக்கினார். "அங்க நான் வேண்டாம்னு சொன்னா யாரு கேப்பா?"

"அதுக்குத்தாங்க. ஒருத்தர் சரின்னாலே போதும்ங்கிற எடத்துல, சும்மா சும்மா சரி சொல்றவங்கள போட முடியுமா? லேசுல சரி சொல்லாத ஆளு வேணும். உங்கள விட்டா யாரு?"

சொன்னது அத்தனையும் நியாயம். ஆனாலும் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். போதாக்குறைக்கு சாப்பாட்டுக் குழுவின் தலைவன் காலேப் போன் பண்ணினான். "அங்கிள் இல்லாம எப்படி ஆன்டி? பாதரும் கேட்டாரு. அங்கிள் must லா." காரணம் சொல்ல வழியில்லாமல் உர்சுலா பட்டியலைத் திருத்தினாள். அம்புரோஸ் பழைய குழுவுக்கே போனார்.

திருவிழா அன்று அவளும் கூடவே போய் ஹாலில் மேசைக்கு எதிரே நின்றுகொண்டாள். முதலில் மேருவிலிருந்து வந்த கோழி வறுவல். அம்புரோஸ் மூடியைத் திறந்தார், குனிந்தார், மூச்சு இழுத்தார். பிறகு நிமிர்ந்து, காற்று வாங்குவதுபோல, உர்சுலாவைப் பார்த்தார். மிளகு வாசத்தில் அவள் தன்னையறியாமல் சிரித்திருந்தாள். அவர் மூடியை ஓரமாக வைத்தார்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. கொஞ்ச மாதமாகவே வீட்டில் எது செய்தாலும் முதல் வாய் அவளுக்குத்தான். "நீ மொதல்ல சாப்டு" என்று தட்டைத் தள்ளிவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வயசான காலத்தில் பாசம் பொங்குகிறது என்று அவள் பூரித்துப் போயிருந்தாள். அட திருடா!

அடுத்தது சுபாங் ஜெயாவிலிருந்து பிரையன் கொண்டுவந்த இறால் சம்பல். சந்தான் தாராளமாக ஊற்றிச் செய்தது. அந்தத் தேங்காய்ப்பாலோடு பானை ஃபெடரல் ஹைவே ஜாமில் நன்றாக வெந்து வந்திருந்தது. அம்புரோஸ் குனிந்தார், நிமிர்ந்தார், அவளைத் தேடினார். கோழியின் மிளகு வாசம் தூக்கலாக இருந்ததில் வேறு எந்த வாடையும் அவளுக்கு எட்டவில்லை. கிட்டே போய் முகர்ந்து முகத்தைக் காட்டினால் இந்தப் பானைக்கு ஆயிற்று. ஆனால் ஐந்து பேருக்கு ஒரு மூக்கு, அதுவும் குழுவிலேயே இல்லாத ஒருத்தியின் மூக்கு என்று எத்தனை நாளைக்கு ஓட்டுவது?

உர்சுலா திரும்பி நின்றுகொண்டாள். முதுகு கூசியது. அழுகை வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு அம்புரோஸின் குரல் கேட்டது.

"காலேப், எனக்கு வாசன தெரியலப்பா. ரொம்ப நாளாச்சு. ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்து ருசி பாருங்க. ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா வேண்டாம். அதுதான நம்ம ரூல்?"

கரண்டிகள் முதன்முறையாகப் பானைக்குள் போயின. காலேப் தயங்கித் தயங்கி, "ஓகேதான் போல" என்றான். அவனுக்குப் பக்கத்தில் நின்ற மிஷெல், குழுவுக்கு இந்த வருஷம்தான் புதிதாக வந்தவள், நாக்கில் வைத்ததுமே முகத்தைச் சுளித்தாள். "சாரி அங்கிள். சந்தான் கெட்டுப்போச்சு. எனக்கு வேண்டாம்."

அம்புரோஸ் மூடியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "நீயே மூடும்மா." பிரையன் பானையைத் தூக்கிக்கொண்டு போனான். கோழி வறுவலையும் மறுபடி கொண்டுவரச் சொல்லி நாலு பேரும் ருசி பார்த்தார்கள்.

எல்லாப் பானையும் முடிந்த பிறகு இருவரும் ஹாலுக்கு வெளியே நிழலில் உட்கார்ந்தார்கள்.

"ஏன் திரும்பிக்கிட்ட?"

"கோவமா?"

"கோவம்தான்." கொஞ்சம் பொறுத்து, "நல்ல வேள திரும்பிக்கிட்ட" என்றார். "பொய் சொல்லிச் சொல்லி களைச்சுப் போச்சு உர்சுலா. அந்த உதவிக் குழுவுல எடம் இருக்கா இன்னும்?"

"உங்களுக்குன்னுதான் வச்சிருக்கேன். ஆனா அங்க எப்பவாச்சும் சரின்னு சொல்லணும்."

"பழகிக்கிறேன்."

மிஷெல் ஒரு தட்டில் கோழி வறுவல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அம்புரோஸ் வழக்கம்போலத் தட்டை உர்சுலா பக்கம் தள்ளினார்.

"நீ மொதல்ல சாப்டு."

அவளுக்குச் சுருக்கென்றது. "இன்னும் எதுக்குங்க? அதான் ஊருக்கே தெரிஞ்சிருச்சே. அந்தப் பிள்ளைங்க வேற நாலு பேரா ருசி பாத்தாச்சு."

அம்புரோஸ் தலையைக் குனிந்துகொண்டார். காது மடல் சிவந்திருந்தது.

"ஆரம்பத்துலதான் அதுக்காக" என்றார். "அப்புறம் நீ சாப்புடறத பாத்துக்கிட்டு இருக்கவே புடிச்சுப் போச்சு."