பெயின்டுக்கு மேல் முறுக்கிய போல்ட்

எனக்கு வாய் நீளம். அந்த வாயால்தான் கூடப்பிறந்த தம்பியை வீட்டுப் பக்கமே வராமல் செய்தேன்.

அக்காவின் பழைய கார் ஒரு வளைவில் முன்விளக்கு அணைந்து சுவரில் மோதியது. அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்தது. அந்தக் காருக்கு என் ஒர்க்‌ஷாப்பில் வயரிங் மாற்றியவன் தம்பி. எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதே, "உன் வேலை லட்சணத்தைப் பாருடா, அக்கா கைய ஒடிச்சிட்டே" என்றேன். அன்றே என் ஒர்க்‌ஷாப்பை விட்டுப் போனான். அக்கா கூப்பிட்டால்கூட போனை எடுப்பதில்லை.

எட்டு மாதம் உறை போட்டுக் கிடந்த காரை இன்று காலை அக்கா என் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வரச் செய்தாள். "எங்க தப்புன்னு சொல்லு. அப்புறம்தான் ஓட்டுவேன்."

தம்பியின் வயரிங் மேலுறையை முழுக்கப் பிரித்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் பிரித்தேன், பொய் சொல்வானேன். ஒவ்வொரு இணைப்பும் ஈயம் வைத்து, டேப் சுற்றி, கச்சிதமாக இருந்தது. எரிச்சலாக வந்தது.

பிறகு விளக்கைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை விளக்கின் எர்த் வயரிலும் வைத்தேன். பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டியது நாலு வோல்ட் காட்டியது. எர்த் வயரைக் காரின் தகரத்தோடு சேர்க்கும் போல்ட்டைக் கழற்றினேன். அடியில் பளபளவென்று பெயின்ட். வயர் முனை தகரத்தில் படவில்லை; போல்ட்டின் மரை வழியாக மட்டும் அரைகுறையாகக் கரன்ட் போயிருக்கிறது.

வயரிங் முடிந்த பிறகு துரு சுரண்டி அங்கே பெயின்ட் அடித்தவன் நான். அது காய்ந்ததும் சுரண்டாமல் போல்ட்டை முறுக்கியவனும் நான்.

சுரண்ட இரண்டு நிமிஷம் போதும். 'லூஸ் கனெக்‌ஷன்' என்று சொன்னால் அக்கா நம்பிவிடுவாள். போல்ட்டை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.

"தம்பி மேல தப்பில்லக்கா. நான்தான்."

அக்கா என்னையே பார்த்தாள். "என்கிட்ட ஏன் சொல்றே? அவன்கிட்ட போய்ச் சொல்லு."

அவன் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப் இரண்டு தெரு தள்ளி. ஒரு காரின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்திருந்தான். கால்கள் மட்டும் வெளியே. அந்தக் கால்களிடம்தான் சொன்னேன்.

"எர்த் பெயின்ட் மேல இருந்துதுடா. நான் போட்டது. உன் வயரிங்ல ஒண்ணுமில்ல."

கால்கள் அசையவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அக்காவுக்குக் கை மடங்குதா?"