சீமெண்ணெய் குடித்த பியட்

அந்தப் பாழாய்ப்போன சிவப்பு விளக்கு இன்றைக்கும் எரிந்தது. ஜேசுபாதம் காருக்குள் தலையை விட்டு அதையே பார்த்தார். ஐம்பத்தாறு வயது மனிதனைப் பாடாய்ப்படுத்த இத்தனூண்டு பல்பு போதும்போலிருக்கிறது. இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது.

காருக்குச் சொந்தக்காரன் ஆவுடையப்பன் பக்கத்திலேயே நின்றான். ஏரல் பக்கத்து ஆள். பங்குக்கு வந்த வயலை விற்றுப் பழைய பியட் ஒன்றை வாங்கி டாக்சி ஓட்டுகிறான். இன்ஜின் போனால் பழையபடி எவனுடைய லாரிக்காவது சம்பளத்துக்கு ஸ்டியரிங் பிடிக்க வேண்டியதுதான். அது தெரிந்துதான் ஜேசுபாதத்துக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

எழுபத்துநாலில் பெட்ரோல் விலை எகிறியதும் ஆவுடையப்பன் இவரைத் தேடி வந்தான். துறைமுகத்து லாஞ்சுப் படகுகள் பெட்ரோலில் கிளம்பிச் சீமெண்ணெயில் ஓடுவதைப் பார்த்திருக்கிறான். "நம்ம காரையும் அப்படி ஆக்கிரலாமா அண்ணாச்சி?" என்று கேட்டான். முப்பது வருஷம் லாஞ்சு இன்ஜின்களோடு மாரடித்தவருக்கு வாய்க்கொழுப்புக்குக் கேட்கவா வேண்டும்! "இதென்ன பெரிய கம்பசூத்திரமா?" என்று சொல்லி, காரின் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு லாஞ்சு கார்புரேட்டர் ஒன்றை மாட்டிக் கொடுத்தார். கார் நன்றாகத்தான் ஓடியது. இரண்டு மாசம் கழித்து, ஆயில் விளக்கு எரிகிறது என்று வந்து நின்றான்.

ஓடும்போது அணைந்துவிடும், வண்டியை நிறுத்தி இன்ஜினை மட்டும் ஓடவிட்டால் எரியும். ஜேசுபாதம் வயரை மாற்றினார். ஸ்விட்சை மாற்றினார். ஆயில் அளக்கும் குச்சியை உருவிப் பார்த்தார், குறையவில்லை என்று திரும்பச் செருகிவிட்டார். விளக்கு மசியவில்லை.

"வயர அத்து விட்ருங்க அண்ணாச்சி," என்றான் ஆவுடையப்பன். "ஏறுத ஆளெல்லாம் இதென்ன செவப்பு லைட்டுன்னு கேக்காவ. நாளைக்குக் காயல்பட்டணத்துக்காரவுகளுக்கு மதுரைச் சவாரி வேற இருக்கு."

கையில் கட்டிங் பிளேயர் இருந்தது. ஒரு நறுக்கு நறுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்க் கட்டையைச் சாய்த்தால் என்ன என்று ஆசையாகத்தான் இருந்தது. வயரைத் தேடிக்கொண்டே ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டார். "ஆயில் கடைசியா எப்பலே ஊத்துன?"

"எங்க ஊத்த? நீங்க மாத்திக் குடுத்ததுலேர்ந்து எம் வண்டி ஆயிலே குடிக்கல. கூடத்தான் செய்யுது, கொறையல!" அவன் முகத்தில் அத்தனை பெருமை.

ஜேசுபாதத்தின் கை நின்றது. குச்சியை மறுபடி உருவினார். கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை ஆயில். முகர்ந்தால் சீமெண்ணெய் நாற்றம். எரியாத சீமெண்ணெய் பிஸ்டன் ஓரமாக வழிந்து ஆயிலைத் தண்ணியாக்கியிருக்கிறது. ஆயிலில் அழுத்தம் இல்லாமல்தான் விளக்கு எரிந்திருக்கிறது.

மாதாவே! ஞாயிற்றுக்கிழமை எங்கள் லாஞ்சு ஒன்றும் கடலுக்குப் போகாதே, பூசைக்கல்லவா போவோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சனிக்கிழமை சாயங்காலம் பழைய ஆயிலைக் கொட்டிப் புதுசு ஊற்றி நிறுத்துவது வழக்கம். எதற்கென்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. கலந்த சீமெண்ணெய் வாராவாரம் அதோடு போய்க்கொண்டிருந்தது. ஆவுடையப்பனுக்கு ஏது ஞாயிறு? அன்றைக்குத்தான் திருச்செந்தூர்ச் சவாரி அடித்துப்பிடித்து வரும்.

அடியில் தட்டை வைத்து ஆயிலைத் திறந்துவிட்டார். தண்ணீராய்க் கொட்டியது. விரலை விட்டு எடுத்து வெயிலில் பிடித்தார்.

"என்ன அண்ணாச்சி, பொடிப்பொடியா மினுங்குது?"

"லே, ஒன் இன்ஜின் பேரிங்குத் தூளு. தேஞ்சு வந்துருக்கு." விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார். "தப்பு என்னுதுதான். லாஞ்சுக்குச் செஞ்சத யோசிக்காம காருக்குச் செஞ்சுட்டேன். இன்ஜின நானே எறக்கிப் பாத்துத் தாரேன். தேறுமான்னு இப்ப சொல்ல முடியாது."

ஆவுடையப்பன் தட்டுக்குப் பக்கத்தில் குத்தவைத்தான். நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது ஜேசுபாதத்துக்கு. அவன் திட்டவில்லை.

"ஒரு மாசத்துக்கு முன்னாலேயே எரிய ஆரம்பிச்சிட்டு அண்ணாச்சி," என்றான். "ஒங்க வேலையக் கொற சொன்ன மாதிரி ஆயிருமேன்னுதான் சொல்லாமலே ஓட்டுனேன்."

ஜேசுபாதம் அவனுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.