களத்தில் பிரித்த லாபம்

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எலவனாசூர்கோட்டை கல்யாண மண்டபத்தில் நாங்கள் வெந்துகொண்டிருந்தோம். அன்புச்செல்வன் சார் ஜப்பானில் இருந்தார்.

"ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தொம்பதுல ஜப்பான் கம்பெனிங்க மேல வருமான வரி போட்டுச்சு" என்று திரையைக் காட்டினார். எங்கள் மக்காச்சோள விவசாயிகள் கம்பெனிக்குப் பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து வருகிறவர் அவர். நான் விஜயலட்சுமி, கம்பெனியின் தலைவர். போன வாரம்தான் வருமான வரி ஆபீசிலிருந்து எங்களுக்கு வரி கட்டச் சொல்லி ஆர்டர் வந்திருந்தது.

கட்டினால் சோளம் உலர்த்தும் மிஷினுக்காகச் சேர்த்ததெல்லாம் போய்விடும். போன மழையில் பூஞ்சை பிடித்த சோளத்தைக் கோழித் தீவனக்காரன்கூடச் சீண்டவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் மிஷினுக்குச் சொல்லி வைத்தோம்.

நாங்கள் செய்த தப்பு இதுதான். எங்கள் பக்கம் அறுவடை முடிந்தால் களத்திலேயே பங்கைப் பிரித்துவிடுவோம். கம்பெனியில் மிஞ்சியதையும் அப்படியே, அவரவர் போட்ட மூட்டைக்குத் தக்கபடி, களத்தில் வைத்துக் கையில் கொடுத்தோம். சோளத்துக்குக் கூடுதல் விலை என்று பில் போட்டிருந்தால் அது செலவு. பில் இல்லாததால் கம்பெனியின் லாபமாம். லாபத்துக்கு வரியாம்!

"இங்கிலாந்துல ரொம்ப காலம் கம்பெனி கட்டுன வரியையே பங்குதாரர் கட்டுனதா எடுத்துக்கிட்டாங்க. அமெரிக்கால ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒம்பதுல, கம்பெனியா தொழில் பண்றதுக்கே வரின்னாங்க. நாம மொதல்ல இங்கிலாந்து வழி. அப்புறம் அம்பத்தொம்பதுல மாத்திட்டோம். இப்ப கம்பெனி வேற, நீங்க வேற."

குத்தகை நிலத்தில் சோளம் போடும் சின்னக்கண்ணு எழுந்தார். "இன்னா சார் சொல்றீங்க? கம்பெனியே நாங்கதான? எங்களுக்கு நாங்களே குட்த்துக்கினா அது லாபமா?"

"சட்டம் அப்படிங்க. எனக்கும் வருத்தம்தான்."

வருத்தமாம், வருத்தம்! அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. "சார், அன்னிக்கு களத்துல நீங்களும்தான இருந்தீங்க? வயிறாரத் துன்னுட்டு, கை தட்டி, போட்டோ புட்ச்சிக்கினு போனீங்களே. பில்லு போடுங்கம்மான்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வர்லியா?"

"நீங்க கேக்கலியே மேடம்."

"ஜப்பான மட்டும் யாரு கேட்டா?"

மண்டபமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பீல் போறோம். அது சோளத்துக்குக் குட்த்த வெலதான், நான் கண்ணால பாத்தேன்னு எழுதிக் குடுங்க" என்றேன். அன்று களத்தில் இருந்த ஒரே வெளியாள் அவர்தான். அவர் சொன்னால்தான் எடுபடும் என்று ஆடிட்டர் அடித்துச் சொல்லியிருந்தார்.

அன்புச்செல்வன் மைக்கை அணைத்துவிட்டுக் கிட்டே வந்தார். "என்னை இதுல இழுக்காதீங்க. தெரிஞ்சும் ஏன் சொல்லலன்னு கேட்டு வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க."

"எங்க வெள்ளாம அழுவிப் போறது பரவால்லியா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல மனுஷன்! அவர் எதிரிலேயே மிஷின்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, மிஷின் வேணாம். வேற ஆளுக்குக் குட்த்துடுங்க." அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்னக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

அன்புச்செல்வன் சார் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"சரி, அடுத்து ஜெர்மனி" என்றார்.