மஞ்சள் பட்டை

பாலிஷ் பஞ்சில் மஞ்சள் ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் சின்னவன் கையை வெடுக்கென்று எடுத்தான். மெஷினை அணைத்தான். காலையிலிருந்து பஞ்சில் வந்ததெல்லாம் நீலம்தான். வெயிலிலும் மழையிலும் கிடந்து சுண்ணாம்பாக வெளிறிப்போன பெயிண்டின் மேல்தோல் அது, வரத்தான் வேண்டும். மஞ்சள் வந்தால் அவன் தொழிலில் ஒரே அர்த்தம்தான்: அளவுக்கு மீறித் தேய்த்து மேல் பெயிண்டைக் காலி செய்துவிட்டான் என்று அர்த்தம்.

டிரெய்லரின் பக்கத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் எட்டிப் பார்த்தது. சட்டென்று முதுகைக் காட்டி அதை மறைத்துக்கொண்டு நின்றான். மறைத்து என்ன பிரயோஜனம்? ஷெட்டைப் பார்த்த ஜன்னலுக்கு உள்ளே, மூன்று தலையணையில் சாய்ந்து, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு அண்ணன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தா," என்று அண்ணன் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு தேவைப்பட்டது. "அந்தக் கடைக்காரரை நகந்து நிக்கச் சொல்லு."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே ஜன்னலுக்கு வந்தார். "தம்பி, நகந்து நிக்கச் சொல்றார்."

"ஒண்ணுமில்ல அண்ணி, சும்மா தொடச்சுக்கிட்டிருக்கேன்னு சொல்லுங்க."

"தொடச்சுக்கிட்டிருக்காராம்."

"எனக்கு நுரையீரல்தான் போச்சு, காது போகல. நகரச் சொல்லு."

ஜன்னலுக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஒரு கட்டில் போட்டால் இடம் சரியாக இருக்கும். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். இருந்தாலும் போகிற பேச்சும் வருகிற பேச்சும் அண்ணி வாய் வழியாகத்தான் போய் வர வேண்டும். அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. சின்னவனுக்குத் தலை நரைத்துவிட்டது. வீட்டில் மட்டும் இன்னும் அவன் சின்னவன்தான்.

ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்துதான் இந்த டிரெய்லரை ஓட்டினார்கள். வீடு மாற்றுகிறவர்களின் கட்டில், பீரோ, தொட்டில், தையல் மெஷின் என்று இது சுமக்காத சாமான் இல்லை. வாங்கிய புதிதில் நிறத்துக்குத்தான் முதல் சண்டை. அண்ணனுக்கு நீலம், தம்பிக்கு மஞ்சள். கடைசியில் உடம்பெல்லாம் நீலம், இடுப்பில் மட்டும் ஒரு மஞ்சள் பட்டை என்று சமாதானம் ஆனது. நேராக வர வேண்டும் என்று அண்ணன் நூலை இழுத்துப் பிடிக்க, தம்பி பிரஷ்ஷை ஓட்டினான். நடுவில் நூல் ஆடியது, பட்டை ஓரிடத்தில் தொங்கிப்போனது. நீ கையை ஆட்டினாய், நீ தும்மினாய் என்று அதற்கு அடுத்த சண்டை. ஊருக்கு அது பட்டை வண்டி ஆயிற்று.

பிறகு சின்னவன் தனியாக பாலிஷ் கடை வைத்தான். இடத்தைப் பேசி முடித்துவிட்டு வந்துதான் அண்ணனிடம் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டார். அந்த வாரமே டிரெய்லர் தலையோடு கால் நீலமாக அவன் கடையைத் தாண்டிப் போனது. பட்டையைக் காணோம். அண்ணன் தன்னைத் தலைமுழுகிவிட்டார் என்று சின்னவனுக்குப் புரிந்தது. அன்றைக்கு அவன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதான்.

இப்போது ஆஸ்பத்திரியில் கையை விரித்து, வீட்டிலேயே வசதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணனை அனுப்பிவிட்டார்கள். அண்ணி போன் செய்தார். "தம்பி, உங்க அண்ணனுக்கு டிரெய்லருக்கு செராமிக் கோட்டிங் போடணுமாம். பொண்ணு ஓட்டப் போறாளாம், இனிமே அது வெயில்ல வெளுக்கக் கூடாதாம். மனுஷன் மூச்சு விடவே திண்டாடறார், வண்டிக்கு மேக்கப் கேக்குது."

"என்னைக் கூப்பிடச் சொன்னாரா அண்ணி?"

அண்ணிக்குப் பொய் வராது. "கோட்டிங் போடணும்னார். இங்க வேற யார் போடறா?"

அந்த ஒன்றுதான் சின்னவனைக் குடைந்தது. அவர் கூப்பிட்டது தம்பியையா, கோட்டிங் போடுகிறவனையா? வந்ததிலிருந்து கழுவினான், பாலிஷுக்கென்றே வரும் களிமண் கட்டியால் அழுக்கை உருட்டி எடுத்தான், தேய்த்தான். எல்லா நேரமும் காது ஜன்னலில்தான் இருந்தது. கடைக்காரர், அந்த ஆள், வேலைக்கு வந்தவர் என்று எத்தனையோ பெயரில் அண்ணன் அவனைச் சொன்னார். தம்பி என்று மட்டும் சொல்லவில்லை.

இப்போது, கடைசியில், வேலையையும் கெடுத்தாயிற்று. சின்னவன் ஒதுங்கி நின்றான்.

அண்ணன் மஞ்சளைப் பார்த்தார். ஆக்ஸிஜன் மெஷின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"பெயிண்ட் போயிடுச்சான்னு கேளு."

"தம்பி, பெயிண்ட்..."

"ஒரு நிமிஷம் அண்ணி."

சின்னவனுக்கு ஏதோ இடித்தது. தகடு முழுக்க ஒரே பஞ்சு, ஒரே அழுத்தம். மேலேயும் கீழேயும் நீலம் கல்லு மாதிரி நிற்கிறது. இங்கே மட்டும் ஏன் போக வேண்டும்? பெயிண்ட் எவ்வளவு தடிமன் என்று காட்டும் சின்னக் கருவியைப் பையிலிருந்து எடுத்து, மேலே வைத்துப் பார்த்தான், கீழே வைத்துப் பார்த்தான். மூன்று கோட் பெயிண்டாவது இருக்கும். இன்னும் தேய்க்காத பக்கம் போய், பட்டை ஓடியிருந்த உயரத்தில் வைத்தான். பழைய மஞ்சளுக்கு மேல் பேருக்கு ஒரே ஒரு கோட். இன்னோர் இடத்தில் வைத்தான். அங்கேயும் அப்படித்தான். பட்டையின் நீளத்துக்கு, கரை தப்பாமல், பட்டை மேல் மட்டும் ஒரே கோட். நீலம் பூசியவர் மற்ற கோட்டுகளை அடிக்கும்போது அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

"அண்ணி," என்றான். "இந்த இடத்துல மட்டும் ஏன் பெயிண்ட் இவ்வளவு மெலிசா இருக்குன்னு கேளுங்க."

அண்ணி கேட்டார். அண்ணன் சுவரைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார்.

"பெயிண்ட் தீந்துபோச்சுன்னு சொல்லு."

சின்னவன் துணி எடுக்கிற சாக்கில் ஷெட் அலமாரிப் பக்கம் போனான். ஸ்பேனர்களுக்குப் பின்னால் அந்தப் பழைய நீல டப்பா இருந்தது. தூக்கினான், கனத்தது. ஸ்க்ரூடிரைவரால் மூடியை நெம்பினான். பாதி டப்பா பெயிண்ட் கட்டியாக உறைந்து கிடந்தது. மூடியைத் திரும்ப அழுத்தி, இருந்த இடத்திலேயே வைத்தான்.

"தீந்துபோச்சுன்னா தீந்துபோச்சுதான், சரின்னு சொல்லுங்க அண்ணி."

"ஏங்க, நீங்க ரெண்டு பேரும் நேரா பேசித் தொலைச்சா என்ன? எனக்குத் தொண்டைத் தண்ணி வத்துது."

"உன் வேலையைப் பாரு," என்றார் அண்ணன். கொஞ்சம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "மிச்சப் பட்டையையும் எடுக்கச் சொல்லு. பாதியில விட்டா சொறி பிடிச்ச மாதிரி இருக்கும். அது மேலயே கோட்டிங் போடட்டும்."

பிற்பகலுக்குள் பட்டை முழுசாக வெளியே வந்துவிட்டது, தொங்கின இடம் உட்பட. நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. மேலே இருந்த நீலம் இத்தனை வருஷ வெயிலையும் தானே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

கோட்டிங்கை ஆரம்பித்தான். சின்ன பாட்டில், பஞ்சுக் கட்டையில் சில சொட்டு, அவ்வளவுதான் சாமான். தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தண்ணீரில் எண்ணெய் சிந்தியது போல வானவில் மினுக்கு தெரியும். தெரிந்ததும் துடைத்துவிட வேண்டும். அசந்தால் திட்டுத் திட்டாக இறுகிவிடும், அப்புறம் உப்புத்தாள் போட்டுத்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று, பூசின பிறகு அடியில் இருப்பது அப்படியே நிற்கும். அதனால்தான் இத்தனை கழுவலும் தேய்ப்பும்.

ஒரே ஒரு தகடு மிச்சமிருக்கும்போது மகள் வருகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அண்ணி செருப்பை மாட்டினார். "தெருமுனை வரைக்கும் போய்ப் பொண்ணைக் கூட்டிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் சண்டை போடாம இருங்க."

"பேசினாத்தானே அண்ணி சண்டை," என்றான் சின்னவன்.

அண்ணி போனதும் வீடு ஊமையாகிவிட்டது. மெஷின் உறுமியது. அண்ணனின் மூச்சு, பழைய கதவைத் திறந்து மூடுவது போல, வந்து வந்து போனது. போதும், இந்த மனுஷனை விட்டுவிடு என்று சின்னவன் யாரையோ மனசுக்குள் கேட்டான். கேட்டுவிட்டு, தன்னையே திட்டிக்கொண்டு, பட்டை தொங்கின அந்தக் கடைசித் தகட்டில் கோட்டிங்கைத் தடவினான்.

"ஏ டிரெய்லரு," என்றார் அண்ணன்.

சின்னவன் திரும்பவில்லை. தடவிக்கொண்டே இருந்தான்.

"உனக்கு வந்த வாழ்வப் பாரு. ஆனா அந்த வளைசல் உன்னை விட்டுப் போகாது. நூலைப் பிடிச்சவன் ஒழுங்காத்தான் பிடிச்சான். பிரஷ்ஷைப் பிடிச்சவன்தான் பராக்குப் பாத்தான்."

சின்னவனுக்கு நாக்கு அரித்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான், முடியவில்லை.

"வண்டி, நூலைப் பிடிச்சவர் தும்மினார்னு சொல்லு," என்றான் தகட்டைப் பார்த்து. "ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை தும்மினார்."

உள்ளே ஒரு சத்தம். இருமல் என்று முதலில் நினைத்தான். சிரிப்பு. அந்தச் சிரிப்பு எத்தனை வருஷமாகக் காதில் விழவில்லை. அது நீண்டது, இருமலானது, இருமல் இழுப்பானது. சின்னவன் கையிலிருந்த பஞ்சுக் கட்டையைக் கீழே போட்டுவிட்டு வாசல் பக்கம் ஓட அடியெடுத்தான்.

"டேய்."

நின்றுவிட்டான்.

"எங்கடா வர்ற?" ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அண்ணனின் கண் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால், தகட்டில், வானவில் மினுக்கு ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தது. "தொடைச்சிட்டு வா. திட்டு நின்னுடும்டா."

"சரிண்ணே."

துடைத்தான். முதல் துணியால் ஒரு தடவை, சுத்தத் துணியால் இன்னொரு தடவை. அவசரப்படவில்லை. முதுகில் அந்தப் பார்வை இருக்கும்போது ஓரத்தை விட்டுவிட்டுப் போனால் கதை கந்தலாகும் என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். பட்டையின் வளைசலில், ஒவ்வொரு ரிவிட் தலையைச் சுற்றியும், விளிம்புவரைக்கும் துடைத்தான். சாய்ந்து பார்த்தான். எங்கேயும் திட்டு இல்லை.

"முடிஞ்சுதுண்ணே," என்று திரும்பினான்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. கண் பாதி மூடி, வாய் ஓரத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது. மெஷின் மட்டும் யாருக்கும் இல்லாமல் காற்றை அனுப்பிக்கொண்டிருந்தது.

உள்ளே போய்க் கையைப் பிடித்தான். சூடாகத்தான் இருந்தது. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தான். குழாயைக் கழற்றினான், மெஷினை அணைத்தான். மாதக்கணக்கில் அந்த வீட்டில் இல்லாத அமைதி வந்தது. நோவில் சுருங்கிக் கிடந்த முகம் விரிந்து, டிரெய்லர் ஓட்டின காலத்து அண்ணன் மாதிரி ஆகியிருந்தது. சின்னவன் கட்டில் காலடியில் உட்கார்ந்து அழுதான். கூடவே மனசு லேசாகவும் ஆனது. சாவு வீட்டில் அதை யாரிடம் சொல்வது? அவனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அண்ணனுக்காகவும் தனக்காகவும்.

அண்ணியும் மகளும் வாசலில் வந்து நின்றார்கள். மெஷின் சத்தம் இல்லாததை வைத்தே அண்ணிக்குத் தெரிந்துவிட்டது.

"போயிட்டாரா?"

"போயிட்டார் அண்ணி."

மகள் பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அப்பாவின் மேல் விழுந்தாள். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். அழுது ஓய்ந்து, முந்தானையை முகத்திலிருந்து எடுக்க வெகு நேரம் ஆனது.

"ரொம்ப இழுத்துச்சா தம்பி?"

"இல்ல அண்ணி. சிரிச்சார்."

"ஏதாவது சொன்னாரா?"

"திட்டினார்."

"யாரை?"

"என்னைத்தான்." சின்னவன் தரையைப் பார்த்தான். "டேய்னு கூப்பிட்டுத் திட்டினார். நேரா."

அண்ணி அவனையே பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். பிறகு, இத்தனை வருஷமாகத் தலையில் வைத்திருந்த சுமையை யாரோ கை கொடுத்து இறக்கிவிட்டது போல, "அப்பாடா," என்றார்.

மறுநாள் காலையில் கூட்டம். சாமான் ஏற்றி இறக்கிய பழைய ஆட்கள், அண்ணன் வீடு மாற்றித் தந்த வீட்டுக்காரர்கள். வந்தவர்களுக்கெல்லாம் சாய்ந்து நிற்க டிரெய்லர்தான் கண்ணில் பட்டது. சின்னவன் அழுத கண்ணோடு, "அதுல சாயாதீங்க, இன்னும் இறுகல," என்று ஒவ்வொருவரையும் நகர்த்திக்கொண்டிருந்தான். "பட்டை வண்டி திரும்பி வந்துருச்சா?" என்று ஒருவர் கேட்டார். "எங்கயும் போகலையே," என்றார் அண்ணி உள்ளேயிருந்து.

எல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்து, நாற்காலிகளை அடுக்கிய பிறகு, மகள் ஒரு சொம்புத் தண்ணீரோடு ஷெட்டுக்கு வந்தாள். "சித்தப்பா, இப்ப தண்ணி படலாமா?"

"படலாம்மா. ஒரு நாள் ஆயிடுச்சு."

"அப்பா போன்ல சொன்னார். ஊத்தினா ஒட்டாதாம், பாக்க நல்லா இருக்குமாம்."

அவள் சொம்பை அண்ணியிடம் கொடுத்தாள். அண்ணி டிரெய்லரின் மேல் விளிம்பில் மெல்லச் சாய்த்தார். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு, நீலத்தில் உருண்டு, மஞ்சளைத் தாண்டி மறுபடி நீலத்தில் இறங்கி ஓடியது. பட்டை தொங்கின இடத்தில், ஒரு ரிவிட் தலையில், ஒரு துளி மட்டும் நின்றது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதுவும் உருண்டு தரைக்குப் போனது.