ஆளில்லாத தெரு

மாவட்ட விவரக் கையேட்டுக்காக நான் தட்டச்சு செய்துகொண்டிருந்த அட்டவணையில், எங்கள் தெருவுக்கு நேரே ‘ஆளில்லை’ என்று இருந்தது. அன்று காலைகூட அந்தத் தெருவில் லாரித் தண்ணீருக்குச் சண்டை போட்டுவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தேன்.

நேரே கண்காணிப்பாளரிடம் போனேன். அலுவலகத்தில் அவருக்குக் கமா சார் என்று பெயர். மாவட்டத்தில் பாதி ஜனம் காணாமல் போனாலும் கவலைப்பட மாட்டார். எண்ணுக்குள் கமா இடம் மாறினால் மட்டும் குதிப்பார்.

“சார், எங்க தெருவுல ஆளே இல்லைன்னு போட்டிருக்கு.”

“இல்லைன்னா இல்லைதாம்மா.”

“அப்ப நான் யாரு சார், பேயா?”

“பேய்க்குத் தனிப் பத்தி கிடையாதே.”

பக்கத்து மேஜை சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளில்லாத தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வராது. இந்த வாரம் கையேடு அச்சுக்குப் போய்விட்டால், அடுத்த கணக்கெடுப்பு வரை லாரிதான் கதி. எங்கள் தெருவில் கிடங்கு கட்ட இடம் தேடி அலையும் கான்டிராக்டரோடு கமா சார் போன வாரம் டீ குடித்ததை நான் பார்த்திருந்தேன். கண்ணால் கண்டது போதாதா?

“யார் சார் எண்ணினது?”

“ஒரு டீச்சரம்மா. முதல்ல கதவுக்குக் கதவு சாக்பீஸ்ல நம்பர் போட்டுட்டு வந்தாங்க. அப்புறம் ஆளை எண்ணப் போனா, ஒரு கதவுலயும் நம்பர் இல்லை. எவ்வளவு தட்டியும் ஒரு கதவும் திறக்கலை.”

“யாரோ அழிச்சிருக்காங்க சார்.”

“எனக்கும் அதே சந்தேகம்தான்” என்று என்னையே பார்த்தார். பிறகு மேஜையிலிருந்து ஒரு சாக்பீஸை நீட்டினார். “நாளைக்கு மறுபடி அனுப்புறேன். நம்பரை நீயே போட்டு வை.”

இவ்வளவு சுலபமாகவா? அவரைச் சந்தேகப்பட்டது சரிதானா என்று யோசித்துக்கொண்டே சாக்பீஸை வாங்கினேன்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கேட்டேன்.

“நான்தான் அழிச்சேன்” என்றாள், கண்கூடச் சிமிட்டாமல். “தெரு முழுக்க.”

“ஏம்மா?”

“பழைய இடத்துலயும் கதவுல நம்பர்தான் போட்டாங்க. அப்புறம் இடிச்சாங்க. நீ அப்ப என் இடுப்புல இருந்த.”

“இது தலை எண்ணுறதும்மா.”

“அன்னைக்கும் அப்படித்தான்டி சொன்னாங்க.”

அடுத்த வீட்டுச் சித்தி ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தாள். “இவளைப் படிக்க வெச்சது அவங்களுக்கு வழி காட்டவா அக்கா?”

“காட்டிக் கொடுக்கிறவளா இருந்தா உங்ககிட்ட எதுக்குச் சித்தி கேக்கணும்?” என்று கத்தினேன்.

அம்மா என் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தாள். “இடிக்க மாட்டாங்கன்னு சத்தியம் பண்ணு.”

அந்த டீ ஞாபகம் வந்தது. சத்தியம் வாயில் வரவில்லை.

“அது எனக்குத் தெரியாதும்மா. ஆனா ஆளே இல்லாத தெருவை இடிச்சா, யாரும்மா கேப்பாங்க?”

அம்மா வாசலுக்குப் போய்க் கதவைத் தடவிப் பார்த்தாள். “நம்ம கதவுல முதல்ல போடு” என்றாள் கடைசியில். “இடிச்சா நம்மளதுல ஆரம்பிக்கட்டும்.”

மறுநாள் டீச்சர் வந்தபோது அம்மா ஒரு கையில் ஈரத்துணியோடு கதவைத் திறந்தாள்.

“எத்தனை பேரும்மா?”

“ரெண்டு. எழுதினதை வாசிச்சுக் காட்டுங்க.”

டீச்சர் வாசித்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். சரிதான் என்று தலையாட்டினேன். அப்புறமும் அவள் துணியைக் கீழே வைக்கவில்லை.

சித்தி வீட்டுத் தாழ்ப்பாள் மெல்ல விலகியது.

“எனக்கும் வாசிச்சுக் காட்டணும். அவ சரின்னு சொன்னாத்தான் நம்புவேன்.”